கதைக்கு வெளியே நிற்கும் கோமாளி

தமிழ் சினிமாவின் நகைச்சுவையைப் பற்றி எழுதும் விமர்சகர்கள் பல பத்தாண்டுகளாக ஒரே குற்றச்சாட்டைச் சொல்லி வருகிறார்கள். அது கதையோடு ஒட்டுவதில்லை என்கிறார்கள். கதாநாயகனின் தங்கை ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடிக்கொண்டிருப்பாள். அடுத்த காட்சியில் இரண்டு பேர் டீக்கடை வாசலில் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் காட்சியை அப்படியே வெட்டி எடுத்தாலும் கதைக்கு ஒரு சேதமும் வராது. ஆகவே அது கட்டமைப்பில் உள்ள ஓட்டை, வியாபாரத்துக்காகப் போட்ட ஒட்டு என்று முடிவு கட்டுகிறார்கள். இதில் முதல் பாதி உண்மை. அந்தக் காட்சிகள் கதைக்கு வெளியேதான் நிற்கின்றன. அதனாலேயே அவை குறையுள்ளவை என்ற முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. நம் நிகழ்த்துகலைகளில் கோமாளிக்கு ஒதுக்கிய இடமே கதையின் வேலிக்கு வெளியே இருந்தது. அங்கே நின்றுகொண்டு அவன் செய்த வேலையைக் கதைக்குள் இருக்கும் எந்தப் பாத்திரமும் செய்ய முடியாது. சினிமா அந்த இடத்தைக் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததை வாங்கிக்கொண்டது.

தெருக்கூத்திலிருந்து தொடங்குவது நல்லது, ஏனென்றால் கோமாளி நிற்கும் இடம் அங்கே கண்ணுக்கே தெரியும். வடமாவட்டங்களில் திரௌபதியம்மன் திருவிழாவையொட்டி இரவெல்லாம் பாரதக் கூத்து நடக்கும். முக்கிய வேஷம் அரங்குக்கு வரும்போது இருவர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொள்வார்கள். திரைக்குப் பின்னால் துரியோதனனோ கர்ணனோ கிரீடமும் புஜகீர்த்தியும் பூண்டு விருத்தம் பாடிக்கொண்டிருப்பான். சனங்களுக்குத் தெரிவது சலங்கை கட்டிய காலும் கிரீடத்தின் நுனியும்தான். திரைக்கு இந்தப் பக்கம், பார்வையாளர் பக்கம், நிற்பவன் கட்டியங்காரன். வந்திருப்பது யார், எந்த ஊர் ராஜா, எதற்காக வந்தார் என்று அவன்தான் கேட்கிறான். ராஜா தன் பெருமையைப் பாட்டாகச் சொல்கிறான். கட்டியங்காரன் அதை ஊர்ப்பேச்சில் திருப்பிச் சொல்லி, நடுவிலே ஒரு கேலியையும் செருகிவிடுகிறான். இந்த அமைப்பைக் கவனிக்க வேண்டும். ராஜா இருப்பது புராண காலத்தில். கட்டியங்காரன் நிற்பது இந்த ஊரில், இந்த ராத்திரியில். அரசனிடம் அவன் கேட்கும் கேள்விகளெல்லாம் தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவன் கேட்க விரும்பும் கேள்விகள். கூத்தை முதலில் தொடங்கிவைப்பவனும் அவனே. பிறகு வாயில் காப்போன், தூதன், வேலைக்காரன், மந்திரி என்று எந்தச் சில்லறை வேஷம் தேவைப்பட்டாலும் உடையை மாற்றாமலே ஏற்றுக்கொள்கிறான். வேஷம் மாறினாலும் ஆள் மாறாததால் அவன் எந்தப் பாத்திரத்துக்குள்ளும் முழுசாகக் கரைவதில்லை. அஸ்தினாபுரத்துச் சபையில் நின்றுகொண்டு உள்ளூர்ப் பஞ்சாயத்தைப் பற்றிப் பேச அவனால் முடிவது இதனால்தான். திரௌபதியின் துகிலை உரியும் காட்சியில்கூட அவன் வாயடைத்து நிற்பதில்லை. அந்தக் காட்சியின் கனத்தைத் தாங்க முடியாமல் ஊரே தவித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் சிரிப்பை எழுப்புவது அபசாரம் என்று ஊராரும் நினைப்பதில்லை.

இது தமிழகத்துக்கு மட்டுமே உரிய ஏற்பாடு என்று நான் சொல்ல வரவில்லை. பக்கத்திலேயே கேரளத்துக் கூடியாட்டம் இருக்கிறது. சமஸ்கிருத நாடகத்தை நடிக்கும் அந்த மரபில் அரசன் சுலோகம் சொல்வான். கூட இருக்கும் விதூஷகன் அதற்கு மலையாளத்தில் பொருள் சொல்வான். பொருள் சொல்வதோடு நிற்காமல் ராஜா தன் நாயகியை வருணித்த அதே அச்சில் எதிர்ச் சுலோகம் ஒன்றைக் கட்டிச் சிரிக்கவைப்பான். அரங்கில் மற்றவர்களின் மொழி படித்தவர்களுக்கு மட்டுமே எட்டும். இவன் மொழி எல்லோருக்கும் எட்டும். அவன் பேச்சு எவ்வளவு தூரம் பெருகியது என்றால், வாழ்வின் நான்கு உறுதிப்பொருள்களையும் பகடி செய்து அவன் நிகழ்த்தும் பகுதி தனியே பல இரவுகள் நீண்டது. நாடகம் அதுவரை காத்துக்கொண்டிருக்கும். காளிதாசனையோ பாசனையோ ஏட்டில் படிப்பவர் விதூஷகனைக் கதையோடு பிணைந்த ஒரு தோழனாகவே பார்ப்பார். அரங்குக்கு வந்தபோது அவன் கதையை நிறுத்திவைக்கும் உரிமை பெற்றவன் ஆனான். ஏட்டில் உள்ள கோமாளிக்கும் அரங்கில் உள்ள கோமாளிக்கும் இருக்கும் இந்த வேறுபாடு என் வாதத்துக்கு முக்கியம். கோமாளியின் பங்கு பெரும்பாலும் எழுதப்படாதது. எழுதாததால்தான் அது அன்றாடம் புதுப்பிக்கப்பட்டது. எழுதாததால்தான் நாடக வரலாற்றிலிருந்தும் நழுவிப்போனது. ஷேக்ஸ்பியர் 1600 வாக்கில் எழுதிய ஹாம்லெட் நாடகத்தில், கோமாளிகள் எழுதிக் கொடுத்ததற்கு மேல் பேசக் கூடாது என்று இளவரசனே நடிகர்களை எச்சரிக்கிறான். எழுத்தாளனுக்கும் கோமாளிக்கும் நடந்த இழுபறி அங்கேயும் இருந்திருக்கிறது. அங்கே எழுத்தாளன் வென்றான். இங்கே நீண்ட காலம் கோமாளி தோற்கவில்லை.

தமிழ் இலக்கணமும் சிரிப்பை ஓரமாக வைத்ததில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது நகையை முதலில் வைக்கிறது; பரதரின் நாட்டிய சாஸ்திரம் சிருங்காரத்தை முதலில் வைக்கிறது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நகை பிறக்கும் இடங்கள் நான்கு. இவற்றில் எள்ளலை உரையாசிரியரான பேராசிரியர் விளக்கும் விதம் கூர்மையானது. பிறரை எள்ளிச் சிரிப்பது மட்டும் எள்ளல் இல்லை, பிறர் தன்னை எள்ளும்போது தான் சிரிப்பதும் எள்ளலில் அடங்கும் என்கிறார் அவர். சிரிப்பு இரண்டு திசையிலும் பாயும் என்ற இந்தக் குறிப்பை மறந்துவிடக் கூடாது. பின்னால் இது தேவைப்படும். சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் விநோதக் கூத்துகளை எண்ணும்போது விதூடகக் கூத்தையும் அவற்றோடு சேர்க்கிறார். கோமாளியின் ஆட்டம் ஒரு நாடகத்தின் உறுப்பாக அல்லாமல், தனிக் கூத்தாகவே பெயர் பெற்றிருந்தது என்பதற்கு இது ஒரு சான்று.

கூத்திலிருந்து சினிமாவுக்கு நேரே தாவ முடியாது. நடுவில் நாடகக் கம்பெனிகளும் ஸ்பெஷல் நாடகமும் இருக்கின்றன. இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஸ்பெஷல் நாடகம்தான். சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம், பவளக்கொடி போன்ற நாடகங்களை மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் கோயில் திருவிழாக்களில் இன்றும் ஆடுகிறார்கள். இதன் தொழில் முறை விசித்திரமானது. நிரந்தரக் குழு கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஹார்மோனியம், மிருதங்கம் என ஒவ்வொருவரையும் ஒரு ராத்திரிக்காகத் தனித்தனியே ஒப்பந்தம் செய்வார்கள். ஒத்திகை கிடையாது, இயக்குநரும் கிடையாது. அன்று இரவு மேடையில்தான் பலர் சந்தித்துக்கொள்வார்கள். எல்லோருக்கும் பாட்டும் கதையும் பாடம். ஆகவே நாடகம் ஓடும். இப்படிப்பட்ட ஏற்பாட்டில் நகைச்சுவைப் பகுதி தனியாகப் பிரித்து வைக்கக்கூடிய துண்டாக இருந்தே தீர வேண்டும். இரவு பத்து மணி வாக்கில் நாடகத்தைத் தொடங்குபவர் பபூன். அவர் ஒற்றை ஆளாக நின்று பேசுவார். பிறகு டான்ஸ் நடிகையோடு ஆட்டமும் பாட்டும் சண்டையுமாக நீண்ட காட்சி ஒன்று நடக்கும். அதெல்லாம் முடிந்த பிறகே கதை ஆரம்பிக்கும். முருகனுக்கும் வள்ளிக்கும் இதில் ஒரு சம்பந்தமும் இல்லை.

மானிடவியலாளர் சூசன் சீசர் இந்தக் கலைஞர்களிடையே பல ஆண்டுகள் ஆய்வு செய்து 2005இல் வெளியிட்ட நூலில் பபூனின் பேச்சை நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார். அவர் காட்டும் ஒரு உத்தியை எடுத்துக்கொள்ளலாம். பெரியோர்களே தாய்மார்களே என்று சபையைப் பணிவோடு விளிக்கும் பபூன், கொச்சையான பகுதி வரும்போது சபையைப் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வாத்தியக்காரர்கள் பக்கம் திரும்பிக்கொள்வார். நண்பனிடம் அந்தரங்கமாகச் சொல்வது போல அதைச் சொல்வார். சபை ஒட்டுக்கேட்டது போலச் சிரிக்கும். மரியாதையும் கெடவில்லை, சொல்ல வந்ததையும் சொல்லியாகிவிட்டது. சபையோடு பேசுவது, வாத்தியத்தோடு பேசுவது, கதைக்குள் பேசுவது என மூன்று திசைகளில் உடம்பைத் திருப்பத் தெரிந்த கலைஞன் இவர். ராஜபார்ட் பெரும்பாலும் ஒரே திசையில்தான் பேசுகிறார். கதைக்கு வெளியே நிற்பதில் எவ்வளவு தொழில்நுட்பம் இருக்கிறது என்பதை இந்த ஒரு அசைவே காட்டிவிடும்.

சினிமாவின் முதல் தலைமுறை நகைச்சுவை நடிகர்கள் பெரும்பாலும் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். அவர்களில் தலையாயவர் 1908இல் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணன். டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் வளர்ந்தவர். தென்குமரியின் வில்லுப்பாட்டும் அவருக்குக் கைவந்திருந்தது. 1936இல் சதி லீலாவதி வழியாகத் திரைக்கு வந்தார். சீக்கிரத்திலேயே தம் பகுதிகளைத் தாமே அமைத்துக்கொள்ளும் உரிமையைப் பெற்றுவிட்டார். தமக்கென நடிகர் குழு, தம்மோடு டி.ஏ.மதுரம், பாட்டுக்கு உடுமலை நாராயணகவி என்று படத்துக்குள் ஒரு தனிக் கம்பெனியையே நடத்தினார். 1939இல் வந்த சிரிக்காதே, தொடர்பில்லாத சிறு நகைச்சுவைப் படங்களைக் கோத்து ஒரே படமாக வெளியிட்டது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறைப்பட்டு அவர் 1947இல் விடுதலையானபோது ஜெமினி வாசனின் சந்திரலேகா பாதிக்கு மேல் வளர்ந்திருந்தது. கிருஷ்ணன், மதுரம் காட்சிகள் அதில் பிறகு சேர்க்கப்பட்டன. 1948இல் படம் வெளிவந்தபோது யாருக்கும் அது உறுத்தவில்லை.

இந்த இடத்தில் வலுவான மறுப்பு ஒன்று எழும். இவையெல்லாம் தயாரிப்பாளரின் வசதிக்காக நடந்தவை, இதில் மரபுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நகைச்சுவை நடிகரின் கால்ஷீட்டைத் தனியே வாங்கிச் சில நாட்களில் படம்பிடித்து முடிப்பது செலவைக் குறைக்கும். அவர் பெயரைச் சொல்லி விநியோகஸ்தரிடம் படத்தை விற்கவும் முடியும். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த விளக்கம் விற்றவரின் பக்கத்தை மட்டுமே சொல்கிறது. கதை நடுவே அறுந்துபோவதைச் சனங்கள் ஏன் தாங்கிக்கொண்டார்கள், ஏன் அதற்காகவே திரும்பத் திரும்ப வந்தார்கள் என்பதற்கு அதில் பதில் இல்லை. வசதிக்காகச் செய்யப்பட்ட எத்தனையோ காரியங்களைத் தமிழ்ப் பார்வையாளர்கள் நிராகரித்திருக்கிறார்கள். இதை ஏற்றுக்கொண்டதற்குக் காரணம், கதை நின்று கோமாளி பேசும் ராத்திரிகளில் அவர்கள் பழகியிருந்தார்கள். தயாரிப்பாளரின் கணக்கு பலித்ததே அந்தப் பழக்கத்தின் மேல்தான்.

இன்னொரு மறுப்பை நாடக வரலாறு தெரிந்தவர்கள் சொல்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னைக்கு வந்த பார்சி நாடகக் கம்பெனிகள் தமிழ்க் கம்பெனி நாடகத்தை அடியோடு மாற்றின. தீட்டிய படுதாக்கள், ஹார்மோனியம், தந்திரக் காட்சிகள் எல்லாம் அவர்கள் தந்தவை. கதையோடு ஒட்டாத நகைச்சுவைப் பகுதி அவர்களிடமும் இருந்தது. இந்திப் படங்களிலும் அதன் தடம் உண்டு. அப்படியானால் கட்டியங்காரனை ஏன் இழுக்க வேண்டும்? கட்டியங்காரனின் பேரன் பபூன், பபூனின் மகன் சினிமா காமெடியன் என்று ஒரே கோட்டில் வம்சாவளி போட்டால் அது பொய்யாகத்தான் இருக்கும். பபூனின் சட்டை, தொப்பி, பாட்டு மெட்டு எல்லாவற்றிலும் வெளிச்சரக்கு நிறைய உண்டு. ஆனால் இரவைத் தொடங்கிவைப்பது, இன்றைய நாளின் மொழியில் பேசுவது, பெரிய வேஷத்தைக் கேள்வி கேட்பது ஆகிய மூன்று வேலைகளும் பார்சிக் கம்பெனி வருவதற்கு முன்பே இங்கே ஒருவன் பொறுப்பில் இருந்தன. வெளியிலிருந்து வந்த வடிவம் அந்த இடத்தில் சுலபமாகப் பொருந்திக்கொண்டது. நான் வாதிடுவது அந்த இடத்தின் தொடர்ச்சிக்காக. ஆட்களின் வம்சத்துக்காக இல்லை.

மூன்றாவது மறுப்புதான் ரசிகர்களிடம் அதிகம் கேட்கக் கிடைப்பது. கதையோடு பின்னிய நகைச்சுவைதான் உயர்ந்தது. சபாபதியும் காதலிக்க நேரமில்லையும் மைக்கேல் மதன காம ராஜனும் அதற்குச் சாட்சி என்பார்கள். மூன்றும் அருமையான படங்கள் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அவை வந்த வழி வேறு. சபாபதி பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம். அவர் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர், வழக்கறிஞர், பின்னாளில் நீதிபதி. அந்தச் சபையின் நாடகங்கள் படித்தவர்கள் எழுதி, அச்சிட்டு, ஒத்திகை பார்த்து, மாலையில் சில மணி நேரத்துக்குள் நடித்து முடித்தவை. மைக்கேல் மதன காம ராஜனுக்குக் கிரேஸி மோகன் எழுதிய வசனமும் அந்தச் சபா நாடக மரபில் ஊறியதுதான். ஏன், முழு நாடகமே நகைச்சுவையாக அமைவது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் மகேந்திரவர்மன் தன் தலைநகரான காஞ்சியிலேயே கதையை நடத்தி, கபாலம் தொலைத்த காபாலிகனையும் அவனோடு வழக்காடும் பௌத்தத் துறவியையும் வைத்து மத்தவிலாசப் பிரகசனத்தை எழுதினான். அதில் ஒவ்வொரு சிரிப்பும் கதையின் முடிச்சிலிருந்துதான் பிறக்கிறது. எழுதிய நகைச்சுவை, நிகழ்த்திய நகைச்சுவை என இரண்டு ஓட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடி வந்திருக்கின்றன. ஒன்றின் அளவுகோலால் மற்றதை அளந்து, பபூன் வளர்ந்துதான் கிரேஸி மோகன் ஆக வேண்டும் என்று எதிர்பார்ப்பது வரலாற்றைத் தப்பாகப் படிப்பதாகும்.

கரகாட்டக்காரன் படத்தின் வாழைப்பழக் காட்சியை எல்லோருக்கும் தெரியும். 1989இல் கங்கை அமரன் இயக்கிய படம். நகைச்சுவைப் பகுதியை எழுதியவர் ஏ.வீரப்பன். கவுண்டமணி ஒரு ரூபாய் கொடுத்து இரண்டு பழம் வாங்கிவரச் சொல்கிறார். செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றைக் கொண்டுவருகிறார். இன்னொன்று எங்கே என்று கேட்டால் கையில் இருப்பதைக் காட்டி, அந்த இன்னொன்றுதான் இது என்கிறார். கேள்வி மாறுவதில்லை, பதிலும் மாறுவதில்லை. கேட்பவரின் குரல் மட்டும் படிப்படியாக ஏறுகிறது. சாட்சிக்கு மற்றவர்களை அழைத்தும் பயனில்லை. இதில் பதிலின் தர்க்கம் பழுதில்லாதது. இரண்டில் ஒன்றை நீக்கினால் மிஞ்சுவது இன்னொன்றுதானே. எசமானின் கட்டளையைச் சொல்லுக்குச் சொல் நிறைவேற்றி அவனை மூக்கறுபட வைக்கும் வேலைக்காரன் கூத்து மேடையிலும் உண்டு, சபாபதியிலும் உண்டு. பேதையா, பேதை போல நடிப்பவனா என்று தெரியாத அந்த முகம்தான் காட்சியின் உயிர். தொல்காப்பியம் சொல்லும் பேதைமைக்கும் மடனுக்கும் நடுவே எங்கோ செந்தில் நிற்கிறார். கரகாட்டக்காரனின் காதல் கதையில் இந்தப் பழத்துக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆனால் அந்தப் படம் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

அதே காட்சிதான் இந்த வடிவத்தின் மிகப் பெரிய பழியையும் எழுப்புகிறது. கவுண்டமணி அடிக்கிறார், செந்தில் வாங்குகிறார். ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தது. கறுப்பு நிறம், வழுக்கைத் தலை, பருத்த உடம்பு, திக்குவாய், மனைவியை அடிப்பது என்று தமிழ்க் காமெடி சிரித்தவற்றின் பட்டியல் வெட்கப்பட வைப்பது. ஸ்பெஷல் நாடகத்திலும் கணவன் மனைவி அடிபிடிக் காட்சி ஒரு நிரந்தர அயிட்டம். கோமாளியின் இடத்தை மதிப்பவர்கள் இதை மழுப்பக் கூடாது. வெளியே நிற்பவனுக்குக் கிடைத்த உரிமை மேலே பார்த்தும் பாயும், கீழே பார்த்தும் பாயும். எந்தப் பக்கம் பாய வேண்டும் என்பதை அந்த இடம் தானாகத் தீர்மானிப்பதில்லை, நிற்பவர்தான் தீர்மானிக்கிறார். அண்ணாதுரை எழுதி 1949இல் வந்த நல்லதம்பியில் கிருஷ்ணன் கிந்தனார் காலட்சேபம் செய்தார். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சிதம்பரத்துக்குப் போகத் துடித்தவர். கிந்தன் பள்ளிக்கூடம் போகத் துடிப்பவன். பாகவதர் கோலம், சுருதி, பின்பாட்டு, நடுநடுவே கிளைக்கதை என்று காலட்சேபத்தின் இலக்கணம் ஒன்றும் பிசகாமல் தீண்டாமையின் மேல் அடி விழுகிறது. அதையும் படத்திலிருந்து தனியே எடுத்து நிகழ்த்தலாம். கிருஷ்ணன் நிகழ்த்தவும் செய்தார். கதைக்கு வெளியே நிற்கும் காட்சியால் இவ்வளவு கனத்தைச் சுமக்க முடியும் என்றால், பிந்திய காலத்தின் கொச்சைக்கு வடிவத்தைக் குற்றம் சொல்ல முடியாது. எழுதியவர்களையும் நடித்தவர்களையும் கைதட்டியவர்களையும்தான் சொல்ல வேண்டும்.

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கதைக்கு வெளியே ஓடும் தனி நகைச்சுவை ட்ராக் வெகுவாகக் குறைந்துவிட்டது. கதாநாயகர்களே நகைச்சுவையும் செய்கிறார்கள். நகைச்சுவை நடிகர்கள் கதாநாயகர்கள் ஆகிறார்கள். ஆனால் பழைய துண்டுகள் படங்களை விட்டு வெளியேறித் தனி வாழ்வு வாழ்கின்றன. ஆதித்யா, சிரிப்பொலி போன்ற சேனல்கள் அவற்றாலேயே பொழுதை நிரப்பின. 2001இல் வந்த பிரெண்ட்ஸ் படத்தில் சுத்தியல் தலையில் விழுந்த கான்ட்ராக்டர் நேசமணிக்காக, 2019 மே மாதம், ஃபேஸ்புக்கில் யாரோ சுத்தியலைப் பற்றிக் கேட்ட ஒரு கேள்வியைத் தொட்டு, உலகம் முழுக்கப் பிரார்த்தனை நடந்தது. அந்த நாட்களில் மத்தியில் புதிய அமைச்சரவை பதவியேற்றுக்கொண்டிருந்தது. இணையத் தமிழர் நேசமணியின் உடல்நிலையை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நேசமணியாக நடித்த வடிவேலுவின் முகம் இன்றைய அரசியலுக்கும் விலைவாசிக்கும் நாள்தோறும் பதில் சொல்கிறது. பிரெண்ட்ஸ் படத்தின் கதையை முழுசாகச் சொல்லத் தெரியாதவர்களும் நேசமணியை அறிவார்கள். கதைக்குள் இறுகப் பின்னிய பாத்திரத்தை இப்படிப் பெயர்த்தெடுத்துப் புதிய நாளில் நிறுத்துவது கடினம்.

மறுபக்கம், மடோன் அஸ்வின் இயக்கி 2021இல் வெளிவந்த மண்டேலா ஒரு புதிய கேள்வியை வைக்கிறது. யோகி பாபு நடித்த முடிதிருத்துபவர், ஊரில் எவரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாத ஆள். உள்ளாட்சித் தேர்தலில் இரண்டு வேட்பாளர்களும் சமநிலையில் நிற்க, அவருடைய ஒற்றை வாக்கு முடிவைத் தீர்மானிக்கும் நிலை வருகிறது. ட்ராக் காலத்தில் இந்த மனிதர் இரண்டு காட்சிகளில் வந்து அடிவாங்கிப் போயிருப்பார். இப்போது கதையே அவருடையது. இதை முன்னேற்றம் என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. கதையின் நாயகனாகிவிட்டவருக்குச் சபையின் பக்கம் திரும்பிப் பேச வழியில்லை. அவருக்கு நேர்வதெல்லாம் கதைக்குள்ளேயே நேர்ந்து, அங்கேயே தீர்ந்துவிட வேண்டியிருக்கிறது. திரைக்கு இந்தப் பக்கம் நின்று, வந்திருப்பது யார் என்று ராஜாவைக் கேட்டவனின் வேலையை இப்போது படங்களில் யாரும் செய்யவில்லை. அந்த வேலை மீம் போடுகிறவர்களிடமும், ஸ்டாண்ட்-அப் மேடைகளில் மைக் பிடித்து நிற்பவர்களிடமும், மதுரைப் பக்கத்து மேடைகளில் இன்னும் பத்து மணிக்கு ஆட்டத்தைத் தொடங்கும் பபூன்களிடமும் சிதறிக் கிடக்கிறது. இவர்களில் பபூன்களைப் பற்றித்தான் நம்மிடம் பதிவு மிகக் குறைவு. அவர்கள் ராத்திரிக்கு ராத்திரி கட்டிச் சொல்வதை எழுத்திலும் ஒலியிலும் சேகரிக்க வேண்டிய வேலை பெரும்பாலும் செய்யப்படாமலே இருக்கிறது.